ஜூன்டீன்த் நாளுக்கு கால்வெஸ்டன் போய் வந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஹூஸ்டனில் இருக்கிறோம். அமெரிக்காவில் அடிமைகள் விடுதலையான நினைவு நாளான ஜூன்டீன்த்துக்கு, வரும் ஜூன் 19 அன்று, பிள்ளைகளை டெக்சாஸின் கடலோர ஊரான கால்வெஸ்டனுக்குக் கூட்டிப்போக ஆசை. லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1-லேயே வந்துவிட்டது. ஆனால் டெக்சாஸ் அடிமைகளுக்கு விடுதலை என்று வடக்குப் படையின் ஜெனரல் கிரேஞ்சர் கால்வெஸ்டனில் அறிவித்தது 1865 ஜூன் 19-ல்தான். அந்த இரண்டரை வருடமும் சாட்டைக்குப் பயந்து பருத்திக் காட்டில் உழைத்தவர்களை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

கால்வெஸ்டனில் அன்று ரீடி சேப்பல் தேவாலயத்துக்குப் போகும் ஊர்வலத்தில் நாமும் சேர்ந்து நடக்கலாமா? எத்தனை மணிக்குப் போனால் சரி, காரை எங்கே நிறுத்துவது? அப்புறம், விடுதலை பெற்றவர்களே காசு சேர்த்து 1872-ல் நிலம் வாங்கி உருவாக்கிய ஹூஸ்டன் எமான்சிபேஷன் பூங்காவுக்கும் அன்றே போய்ப் பார்க்க நேரம் இருக்குமா? வெயிலில் சின்னவள் தாங்குவாளா என்பதுதான் கவலை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.