இடைக்கால பிரெஞ்சுக் கவிஞர்களுக்குக் கடல் தெரியுமா?

கரைவாசி:
12-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கதைகளை மொழிபெயர்ப்பில் வாசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்: இவர்களுக்குக் கடல் தெரியாது. மரி தெ பிரான்ஸ் எழுதிய ‘கிஜ்மார்’ கதையில் காயம்பட்ட வீரன் ஒரு கப்பலில் ஏறுகிறான். பட்டுப் பாய், கருங்காலி மரம், உள்ளே அலங்காரக் கட்டில். மாலுமி ஒருவன்கூட இல்லை! கப்பல் தானாகவே அவனைக் காதலியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ரோலான் என்ற வீரனைப் பற்றிய போர்க்காவியத்தில் எதிரி அமீர் பாலிகானின் கப்பல் படை வரும்போது பாய்மர உச்சியில் விளக்குகளும் மாணிக்கங்களும் எரிகின்றன. தேர்த்திருவிழாதான். புனித பிரண்டன் கதையிலோ தீவு என்று இறங்கிச் சமைத்தால் அது மீன். உப்புத் தண்ணீர் எங்கே சார்?

சுக்கான்:
வாஸை விட்டுவிட்டீர்களே. ஜெர்சி தீவில் பிறந்த கவிஞர். 1155-இல் முடித்த, பிரிட்டன் அரசர்களைப் பற்றிய ‘புரூட்’ காவியத்தில் ஆர்தர் மன்னனின் படை சவுத்தாம்ப்டனில் கப்பலேறும் இடத்தைப் பாருங்கள். ஒருவன் நங்கூரம் தூக்குகிறான், ஒருவன் கயிறு இழுக்கிறான், ஒருவன் பாயை விரிக்கிறான். சுக்கான் பிடியை எப்படித் தள்ளினால் கப்பல் இடப்பக்கம் ஓடும், எப்படித் தள்ளினால் வலப்பக்கம் ஓடும் என்பதுவரை சொல்கிறார். அதில் வரும் கப்பல் சொற்கள் பல வைக்கிங்குகளோடு நார்மண்டிக்கு வந்தவை. பாரிஸில் உட்கார்ந்து ஏட்டில் பொறுக்கியவை அல்ல.

கரைவாசி:
சொற்பட்டியல் போட்டால் கடல் தெரிந்ததாகிவிடுமா? நகைக்கடை விளம்பரத்தில்கூட இருபது வகைச் சங்கிலி இருக்கும். வாஸ் தன் புலமையைக் காட்டுகிறார், அவ்வளவுதான். கரையிலிருந்து பார்த்தே அதை எழுதிவிடலாம்.

சுக்கான்:
சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அதே நூற்றாண்டுக் கவிஞர் தாமஸின் ‘திரிஸ்தான்’ காதல் காவியத்தின் கடைசிப் பகுதிக்கு வாருங்கள். திரிஸ்தான் விஷக்காயத்தோடு கிடக்கிறான். அவனைக் குணப்படுத்தக் காதலி இஸோல்த் கப்பலில் வந்தால் வெள்ளைப் பாய், வராவிட்டால் கருப்புப் பாய் என்று ஏற்பாடு. அவள் வருகிறாள். வழியில் ஐந்து நாள் புயல். நாமாக இருந்தால் அங்கேயே கப்பலைக் கவிழ்த்துக் கதையை முடித்திருப்போம். தாமஸ் அப்படிச் செய்யவில்லை. புயல் ஓய்கிறது, வெள்ளைப் பாயை ஏற்றுகிறார்கள், கரை தெரிகிறது. அப்புறம் காற்று செத்துவிடுகிறது. வெயில், அசையாத தண்ணீர். கப்பல் முன்னும் போகாது, பின்னும் போகாது. சிறு படகை இறக்கித் துடுப்புப் போடலாமே என்றால், அதைப் புயல் ஏற்கெனவே உடைத்துவிட்டது. அந்த இடைவெளியில்தான் திரிஸ்தானின் மனைவி “பாய் கருப்பு” என்று பொய் சொல்கிறாள், அவன் சாகிறான். காற்றில்லாத கடலும் ஆளைக் கொல்லும் என்று யோசித்தவர், படகு ஏன் இல்லை என்பதற்கும் கணக்கு வைத்திருக்கிறார். இதுவும் கரையிலிருந்து பார்த்ததா?

ஏட்டுப்பூச்சி:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அதே தாமஸின் இன்னொரு துண்டுச்சுவடி 1995-இல் வெளிவந்தது. அதில் இஸோல்த் தன் வேதனைக்குக் காரணம் ‘லாமெர்’ என்கிறாள். காதல், கசப்பு, கடல் மூன்றுக்கும் அன்றைய பிரெஞ்சில் கிட்டத்தட்ட ஒரே ஒலி. கப்பலில் குமட்டுகிறதோ என்று திரிஸ்தான் குழம்புகிறான். கரைவாசி கேட்ட உப்பு இதில் கொஞ்சம் இருக்கிறது.

மரியையும் ஒரே கதையை வைத்து எடை போடாதீர்கள். ‘எலிடுக்’ கதையில் புயல் கப்பலை உடைக்கும்போது ஒரு மாலுமி கத்துகிறான்: உனக்கு ஊரில் மனைவி இருக்க இன்னொருத்தியைக் கூட்டிவருகிறாய், இவளைக் கடலில் போடுவோம் என்று. எலிடுக் அவனைத் துடுப்பால் அடித்துக் கடலில் தள்ளிவிட்டு, தானே சுக்கானைப் பிடித்துக் கப்பலைத் துறைமுகம் சேர்க்கிறான்.

கரைவாசி:
திரிஸ்தான் விஷயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். எலிடுக்கை ஏற்கமாட்டேன். ஓட்டத் தெரிந்தவனைக் கடலில் தள்ளிவிட்டு ஒரு குதிரைவீரன் புயலில் கப்பல் ஓட்டினானாம்! ஜுவான்வீல் இதை நம்பியிருப்பாரா? லூயி மன்னரோடு சிலுவைப்போருக்குப் போய், அதைப் பின்னாளில் நினைவுக்குறிப்பாக எழுதிய பிரபு அவர்; 1248 ஆகஸ்டில் மார்செய்யில் கப்பலேறியவர். குதிரைகளை ஏற்றியபின் பக்கவாட்டுக் கதவைப் பீப்பாயை அடைப்பதுபோல் இடுக்கில்லாமல் அடைத்தார்கள், கடலில் அந்தக் கதவு தண்ணீருக்குள் இருக்கும் என்று எழுதுகிறார். இரவு தூங்கினால் காலையில் கடலடியில் இருப்போமா என்று தெரியாது என்றும் சொல்கிறார். கடல் தெரிந்தவன் பேச்சு அது. ஆனால் அவர் எழுதியது கதை இல்லையே.

சுக்கான்:
அவருடைய புத்தகத்தைப் பாதிப் பேர் கதையாகத்தான் படிக்கிறார்கள். அதற்குத் தனித்திரி போடுங்கள், அங்கே சண்டை போடலாம்.