நிழலுருவில் வந்த சிண்டரெல்லா

பினாங்கு சௌரஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருப்பதை இங்குள்ள பலரும் அறிவீர்கள். பேத்திக்குப் பயிற்சி நூல் தேடி ஒரு நாள் அங்கே போன நான், 12 வெள்ளி கொடுத்து ஒரு சிண்டரெல்லா புத்தகத்துடன் இறங்கி வந்தேன். 1919ஆம் ஆண்டில் ஆங்கில ஓவியர் ஆர்தர் ராக்கம் படம் வரைந்து வெளியான பதிப்பின் மறு அச்சு அது.

கிரிம் சகோதரர்களின் கதைகளுக்கு அவர் வரைந்த வண்ணப் படங்களை, முறுக்கிக்கொண்டு நிற்கும் மரங்களும் மங்கிய பழுப்பு நிறமுமாக, முன்பே பார்த்திருக்கிறேன். இந்தப் புத்தகத்திலோ பெரும்பாலானவை கறுப்பு நிழலுருவங்கள். காகிதத்தைக் கத்தரித்து ஒட்டியதுபோல் பக்கவாட்டில் தெரியும் முகம், மூக்கின் நுனி, கந்தல் உடையின் விளிம்பு ஆகியவற்றை மட்டும் கொண்டு, அவள் அழுகிறாளா, கூச்சப்படுகிறாளா என்பதை அந்த ஓவியர் காட்டிவிடுகிறார். கண்ணும் உதடும் இல்லாத ஓர் உருவத்தில் இவ்வளவு உணர்ச்சியை வைக்க முடியும் என்பதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை.

என் பேத்திக்கு அப்போது 6 வயது. ஆங்கில வரிகள் அவளுக்குக் கடினம் என்பதால், படத்தை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கதையைத் தமிழில் என் போக்கில் சொல்வேன். பூசணிக்காய் தேராக மாறுவதும் கண்ணாடிச் செருப்பும் 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ எழுதிய கதையில் உள்ளவை. கிரிம் சகோதரர்களின் கதையிலோ தாயின் கல்லறைமேல் வளரும் மரத்திலிருந்துதான் அந்தப் பெண்ணுக்குப் பொன்னும் வெள்ளியுமான ஆடை கிடைக்கிறது. எனக்கு அந்த மரம் மிகவும் பிடிக்கும் என்பதால் ஒரு நாள் அதையும் சேர்த்துச் சொன்னேன். உடனே அவள் பக்கத்தில் விரலை வைத்து, “பாட்டி, இங்கே மரமே இல்லையே” என்றாள். சொல்பவர் கதையை எப்படி மாற்றினாலும் குழந்தை படத்தைச் சாட்சியாக வைத்துக்கொண்டு கேட்கிறது. நல்ல படம் உள்ள புத்தகத்தில் கதை சொல்பவருக்கும் ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது.

என் சிறு வயதில் அப்பா வாங்கி வரும் அம்புலிமாமாவிலும் இப்படித்தான். உருவிய வாளும் தோளில் தொங்கும் பிணமுமாக விக்கிரமன் நடந்து வரும் படத்தை ஓவியர் சங்கர் வரைந்திருந்தார். வேதாளம் சொன்ன கதைகளில் பாதி எனக்கு மறந்துவிட்டது. அந்த நடை மட்டும் மறக்கவில்லை.

மூன்றாவது இரவோ நான்காவது இரவோ, பேத்தி நீண்ட நேரம் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இவள் என்னை மாதிரி கறுப்பாக இருக்கிறாள், பாட்டி” என்றாள். அதுவரை அவள் வரைந்த இளவரசிகள் எல்லோருக்கும் மஞ்சள் முடியும் வெளிர் ரோஜா நிறக் கன்னமும்தான் இருந்தன. கடைகளில் கிடைக்கும் பளபளப்பான புத்தகங்களில் அவள் பார்த்த முகங்கள் அவை. ஓவியர் அவளை நினைத்து வரைந்திருக்க முடியாது. ஆனாலும் முகத்தை நிரப்பாமல் விட்ட அந்த இடத்தில் இந்தத் தீவில் வளரும் ஒரு தமிழ்ப் பெண்குழந்தை போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

மறுநாள் மாலை அவளைச் சுவரோரம் பக்கவாட்டில் உட்காரவைத்து, மேசை விளக்கை எதிரே வைத்து, சுவரில் ஒட்டிய வெள்ளைத் தாளில் விழுந்த நிழலின் ஓரமாகவே பென்சிலால் கோடு இழுத்தேன். இரட்டைப் பின்னலில் ஒன்று மட்டுமே நிழலில் தெரிந்தது. மற்றொன்றையும் போட வேண்டும் என்று அடம்பிடித்து அவளே வரைந்தாள். பிறகு கறுப்பு மையால் உள்ளே முழுவதும் நிரப்பினாள். மை நன்றாகக் காயும் முன்பே புத்தகத்துக்குள் வைத்து மூடிவிட்டதால், எதிர்ப்பக்கத்தில் சிண்டரெல்லாவின் அருகே அவளுடைய பின்னலின் தடம் ஒன்று இன்னும் இருக்கிறது.