மறு: மறு: [சொல்லாக்கம்] பெட்டிக்குள் சதுரமாகும் சுருட்டுக்குத் தமிழில் என்ன?

நொச்சி எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு, கியூபச் சுருட்டு பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உறுப்புகளின் ஸ்பானியப் பெயர்களில் சிக்கல் இல்லை. திரிப்பா உள்ளிலை, கப்போத்தே அதைச் சுற்றிக் கட்டும் ‘கட்டு இலை’, காப்பா மேலிலை. இடறுவது வடிவமும் பெட்டியும்தான்.

முதலில் வித்தோலா. நீளம், பருமன், வடிவம் மூன்றும் சேர்ந்த அடையாளம் அது. உருட்டும் கூடத்தில் ஒரு பெயர், கடையில் இன்னொன்று. கடையில் மொந்தேகிறிஸ்தோ 4 என்ற வணிகப்பெயரில் விற்பது கூடத்துக்குள் ‘மரேவா’: 129 மி.மீ. நீளம், பருமன் 42. அடுத்து குலேப்ரா, மூன்றை முறுக்கிக் கட்டியது. பிறகு பிரென்சாதோ, பெட்டியில் நெருக்குண்டு சதுரமானது. கடைசியாக ‘8-9-8’ என்ற பெட்டி அடுக்கு. நாளை மாலைக்குள் சொல்லுங்கள்.

கூத்தன் எழுதியது:

வித்தோலாவுக்கு ‘உருவளவு’ போதும். உள்பெயர் ‘கூடப்பெயர்’, வெளிப்பெயர் ‘விற்பெயர்’. பருமனை ‘வளைய அளவு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சுருட்டில் சுற்றும் காகிதப் பட்டையும் வளையம்தான், வாசகர் குழம்புவார். பருமனெண் என்பது அங்குலத்தின் 64இல் ஒரு பங்கு. 42 என்றால் 16.67 மி.மீ. குறுக்களவு, 52 என்றால் 20.64.

ஓலைச்சுவடி எழுதியது:

‘விற்பெயர்’ வில்லின் பெயர் என்றும் பிரியும். ‘விலைப்பெயர்’ என்க.

குலேப்ரா என்றால் ஸ்பானியத்தில் பாம்பு. பாம்பைத் தமிழாக்கிப் பயனில்லை, செயலைப் பாருங்கள். ‘முப்புரி’ என்று கைக்கெட்டும் தூரத்தில் சொல் கிடக்கிறது. புரிதல் என்றால் முறுக்குதல். வைக்கோற்புரி, புரிகுழல், வலம்புரி எல்லாம் ஒரே வேர். வலம்புரி என்றதும் ஒரு கேள்வி: ஹவானாவில் வலமாக முறுக்குகிறார்களா, இடமாகவா? இடமென்றால் ‘இடம்புரிச் சுருட்டு’ என்று இன்னும் நுட்பமாகவே பெயரிடலாம்.

நெய்தல் எழுதியது:

ஐயா, சங்கு வேண்டாம், நொச்சிக்கு நாளை மாலை கெடு. முப்புரி என்றதும் வாசகருக்குப் பூணூல்தான் நினைவுக்கு வரும். ‘சடைச்சுருட்டு’ என்றால் பிள்ளைக்கும் புரியும்.

கூத்தன் எழுதியது:

சடை பின்னுவது, இது கயிறு போல முறுக்குவது. செய்முறையைப் பாருங்கள். பர்த்தகாஸ் என்ற வணிகக்குறியின் குலேப்ரா ஒவ்வொன்றும் 146 மி.மீ., பருமன் 39. இலை ஈரப்பதமாக இருக்கும்போதே மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கி, நாடாவால் கட்டி, அப்படியே காயவிட வேண்டும். காய்ந்தபின் முறுக்கினால் மேலிலை வெடிக்கும். உள்ளிலையை இறுக்கி அடைத்திருந்தால் வளைவில் புகை இழுபடாது.

இன்னொன்று: புகைக்கும்போது கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாகத்தான் எடுப்பார்கள். நெளிந்த அந்த ஒற்றைக்கும் பெயர் வேண்டுமே! கட்டு ‘முப்புரி’, ஒற்றை ‘புரி’ என்றால் கணக்கு சரியாகிறது. சடையில் அந்த வசதி இல்லை.

தவிர, சடையை இங்கே செலவழித்தால் கொஹிபா வணிகக்குறியின் லான்சேரோ என்ற நீளச் சுருட்டுக்கு (192 மி.மீ., பருமன் 38) என்ன வைப்பீர்கள்? அதன் தலையில் மேலிலை நுனியைத் திருகி வால் போல விட்டிருக்கும். ஸ்பானியத்தில் பன்றிவால்.

நெய்தல் எழுதியது:

அது ‘குடுமி’. விவாதமே வேண்டாம். முப்புரிக்கு ஒப்பவில்லை, ‘முறுக்குச் சுருட்டு’ என்றாவது வையுங்கள்.

ஓலைச்சுவடி எழுதியது:

பலகாரக் கடையில் தேடுவார்கள். குடுமிக்கு மட்டும் கைதூக்குகிறேன்.

கடலோடி எழுதியது (யாழ்ப்பாணம்):

எல்லாத்துக்கும் ‘சுருட்டு’ எண்டு போடுறியள். ஆங்கிலத்தில ‘செரூட்’ எண்டு போனது எங்கட சொல்தான், அதில பெருமை. ஆனால் அங்க அது இரண்டு முனையும் வெட்டின சுருட்டைத்தான் குறிக்குது. கியூபாவில செய்யிறதுக்குத் தலை மூடி இருக்கும், வெட்டித்தான் பத்தவேணும். ஒருக்கால் ‘மூடுதலைச் சுருட்டு’ எண்டு விளக்கிப்போட்டுப் பிறகு சுருட்டு எண்டே எழுதுங்கோ.

நொச்சி எழுதியது:

நன்றி அண்ணா, அப்படியே செய்கிறேன். பிரென்சாதோ? ‘பெட்டியழுத்தச் சுருட்டு’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஓலைச்சுவடி எழுதியது:

பிழை. அழுத்து பிறவினை, அழுந்து தன்வினை. திருந்து-திருத்து, பொருந்து-பொருத்து போல. கியூபாவில் உருண்டையாகத்தான் உருட்டுகிறார்கள். ஈரம் மிச்சமிருக்கையில் மேலே 13, கீழே 12 என்று 25ஐப் பெட்டியில் நெருக்கி அடுக்கி மூடுவதால் பக்கங்கள் தட்டையாகின்றன. சுருட்டு தானே அழுந்துகிறது. நிக்கராகுவாவில் பெட்டிக்குப் போகுமுன்பே மரத்தட்டில் வைத்து வேண்டுமென்றே சதுரமாக்குகிறார்கள். அதுதான் அழுத்தல். ஆகவே கியூபாவுக்கு ‘பெட்டியழுந்தல்’, நிக்கராகுவாவுக்கு ‘அச்சழுத்தல்’. ஒரு மெல்லினத்தில் இரண்டு நாட்டுத் தொழில்முறை பிரிகிறது. ஸ்பானியத்தில் இந்த வசதி கிடையாது.

கூத்தன் எழுதியது:

இம்முறை ஓலைச்சுவடியோடு உடன்படுகிறேன், தேதி குறித்துக்கொள்ளுங்கள். அழுந்தாத சுருட்டுக்கும் சொல் வேண்டும். நழுவுமூடிப் பெட்டியில் 50ஐ நாடாவால் கட்டி வைத்தால் உருண்டை கெடாது. அந்தக் கட்டுக்கு ‘மேதியா ருவேதா’, அரைச்சக்கரம். முழுச்சக்கரம் 100.

நெய்தல் எழுதியது:

‘பெட்டியழுந்தல்’ காதில் ‘பெட்டி அழுதல்’ என்று விழுகிறது. சதுரச்சுருட்டு என்றால் என்ன குறைந்துவிடும்?

கூத்தன் எழுதியது:

முனைகள் மழுங்கியே இருக்கும், முழுச்சதுரம் ஆகாது. அதுதான் குறை.

நொச்சி எழுதியது:

கடைசிக் கேள்வி. பர்த்தகாஸ் 8-9-8: அரக்குப் பூச்சிட்ட பெட்டி, மூன்று வரிசை, கீழே 8, நடுவில் 9, மேலே 8. ஒன்றன் இடுக்கில் ஒன்று உட்காருவதால் உருண்டையாகவே இருக்கும். அடுக்கே பெயராகிவிட்டது. ‘எட்டொன்பதெட்டு’ என்று புணர்த்தலாமா?

நெய்தல் எழுதியது:

எட்டொன்பது எழுபத்திரண்டு. வாய்ப்பாடு படித்தவர் யாரும் அங்கேயே நின்றுவிடுவார். இலக்கமாகவே விடுங்கள்.

நொச்சி எழுதியது:

இலக்கமாகவே விட்டேன். உருவளவு, பருமனெண், கூடப்பெயர், விலைப்பெயர், குடுமி, முப்புரி, பெட்டியழுந்தல் உள்ளே போகின்றன. நெய்தலின் மறுப்பு அடிக்குறிப்பில். கோப்பை அனுப்பிவிட்டேன்.

ஓலைச்சுவடி எழுதியது:

வலமா இடமா என்று யாரும் சொல்லவில்லையே?