எம்.ஏ. குற்றவியல் படித்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். நெல்லையில் எம்.ஏ. குற்றவியல் 2023-ல் முடித்தேன். இளங்கலை சமூகவியல். இன்னும் படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை.

எஸ்.ஐ. தேர்வுக்குப் போகலாமே என்றுதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். நான் பி.சி. பிரிவு, பெண்களுக்கு 159 செ.மீ. உயரம் கேட்கிறார்கள், எனக்கு 156. தடயவியல் ஆய்வகப் பணிகளுக்கு அறிவியல் பட்டம் வேண்டும், அதுவும் ஆகாது. (சொந்தக்காரர்கள் இன்னும் நான் கைரேகை எடுக்கத்தான் படித்தேன் என்று நினைக்கிறார்கள், அது தனிக்கதை.) குற்றவியல் பாடத்தில் நெட் எழுதி உதவிப் பேராசிரியர் தகுதி வாங்கிவிட்டேன். ஆனால் இந்தத் துறை இருக்கும் கல்லூரிகளே குறைவு.

எனக்குப் பிடித்தது சிறார் நீதி. படிக்கும்போது, வழக்கில் சிக்கிய சிறார்களைத் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லம் ஒன்றில் களப்பயிற்சி. பையன்களோடு பேசி, வீட்டு நிலைமை விசாரித்து, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும் சமூக விசாரணை அறிக்கை எழுத உதவியிருக்கிறேன். அந்த அனுபவத்தை நம்பி, ஒரு மாவட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஒப்பந்தப் பணிக்கு விண்ணப்பித்தேன். சான்றிதழ் சரிபார்ப்பில் பட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) இல்லையாம்மா?" என்று கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என் பட்டம் அதற்குச் சமம் என்று காட்டும் இணைத்தன்மைச் சான்று கேட்டும் அலைந்தேன். யார் தருவது என்பதிலேயே ஆளுக்கொரு பதில்.

இப்போது வயது 26, இருப்பது தூத்துக்குடி. தமிழ்நாட்டில் எங்கேயும் போகத் தயார்.

எம்.ஏ. குற்றவியலை வைத்து நன்னடத்தை அலுவலர் பணியிலோ சிறார் நீதிப் பணியிலோ சேர்ந்தவர்கள் இங்கே இருந்தால், எந்த அறிவிப்பு வழியாகச் சேர்ந்தீர்கள்?