கதைப்படமும் கண்காட்சி ஓவியமும்: காம்பொசிஷனில் வேறுபாடு எது?

கேள்வி:

வணக்கம். பத்து ஆண்டுகளாக வார இதழ்களுக்குக் கதைப்படம் வரைந்து வருகிறேன். அண்மையில் ஒரு கண்காட்சிக்காக, இரவில் பேருந்துக்குக் காத்திருக்கும் குடும்பத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தேன். அதைப் பார்த்த மூத்த ஓவியர் ஒருவர், வண்ணத்திலோ உடற்கூறிலோ குறையில்லை, ஆனால் காம்பொசிஷன், அதாவது உருவங்களையும் வெற்றிடத்தையும் படத்துக்குள் அமைத்த விதம், இன்னும் கதைப்படத்தினுடையதுதான் என்றார். அவர் எதைச் சுட்டினார் என்று விளக்க முடியுமா?

மறுமொழி 1:

1942இல் அமெரிக்காவில் வரையப்பட்ட இரண்டு ஓவியங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். இதழ் ஓவியர் நார்மன் ராக்வெல்லின் 'ஃபிரீடம் ஃப்ரம் வான்ட்' (வறுமையிலிருந்து விடுதலை) 1943 மார்ச்சில் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் வெளிவந்தது. அன்றைய அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் தம் உரையில் சொன்ன நான்கு சுதந்திரங்களுள் ஒன்றைக் காட்ட வேண்டும் என்பது தூரிகையை எடுக்கும் முன்பே முடிவான செய்தி. ஆகவே விருந்து மேசையின் இரு பக்கத்து முகங்களும் நம் பார்வையை மேலே மூதாட்டியின் கையிலுள்ள வான்கோழியிடம் கொண்டு சேர்க்கின்றன. கீழ் மூலையில் ஒருவர் நம்மையே பார்த்து விருந்துக்கு அழைக்கிறார். பக்கத்தைப் புரட்டுபவருக்கு ஒரு நொடி போதும்.

எட்வர்ட் ஹாப்பரோ பிழைப்புக்காகப் பல ஆண்டுகள் இதழ்களுக்கு வரைந்து, அந்த வேலையை வெறுத்தவர். இரவு நேர உணவகம் ஒன்றைத் தெருவிலிருந்து காட்டும் அவருடைய 'நைட்ஹாக்ஸ்' ஓவியத்தில் நான்கு மனிதர்களும் வலப்பக்கமாக ஒதுங்கியிருக்க, இடப்பக்கம் ஆளற்ற தெருவுக்கே விடப்பட்டிருக்கிறது. ஒருவர் நமக்கு முதுகைக் காட்டுகிறார். தெருவிலிருந்து உணவகத்துக்குள் நுழையக் கதவே தென்படவில்லை. கண்ணாடிச் சுவரின் சாய்கோடு நம்மை உள்ளே இழுத்தாலும், அங்கே யாருக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு விடை கிடைப்பதில்லை. இதழாசிரியர் எவரும் வீண் என்று வெட்டிவிடக்கூடிய அந்த வெற்றிடம்தான், என் பார்வையில், படத்தின் உயிர்.

மறுமொழி 2:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இதழ்ப் படம், விளம்பரம் என்றாலே எளிய அமைப்பு என்று எண்ணிவிட வேண்டாம். பிரெஞ்சு ஓவியர் துலூஸ்-லோத்ரெக் 1891இல் பாரிஸின் மூலான் ரூஜ் நடன அரங்குக்கு வரைந்த சுவரொட்டியில், முன்னால் நிற்கும் ஆணின் சாம்பல் நிற உருவம் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. கூட்டம் வெறும் கரிய நிழலாகப் பின்னால் நிற்கிறது. ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுகளிலிருந்து கற்ற துணிச்சல் அது. நடனமாடுபவரும் அரங்கின் பெயரும் தெருவில் போகிறவர் கண்ணில் பட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தையும் அவர் மீறவில்லை.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. என் படத்தில் குடும்பத்தை நடுவில் நிறுத்தி, தெருவிளக்கை நேரே குழந்தையின் முகத்தில் விழச் செய்து, தாய் தந்தை இருவரையும் அதையே பார்க்க வைத்திருந்தேன். மறு கித்தானில் குடும்பத்தை ஓரத்துக்குத் தள்ளி, பேருந்து வரவேண்டிய சாலைக்குப் பெரும்பகுதியை விட்டுக் கரிக்கோட்டில் தொடங்கியிருக்கிறேன்.