வாயு சாதனை: சாம்பிராணிக்குப் பதில் என்ன வைக்கலாம்?

அக்காமார், அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம். நான் ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். பஞ்சபூதங்களில் வாயுவை வைத்து விடியற்காலையில் ஒரு சின்னச் சாதனை செய்துவருகிறேன். மூச்சைச் சீராக்கி, நெஞ்சில் மனதை நிறுத்தி, 'யம்' என்ற பீஜத்தை, அதாவது வாயுவுக்குரிய ஓரெழுத்து மந்திரத்தை, சொல்வேன். அப்புறம் சாம்பிராணி.

அந்தச் சாம்பிராணிதான் சிக்கல். அம்மாவுக்கு மூச்சிழுப்பு. எங்களுடையது லயத்து வீடு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று, ஒரே ஜன்னல். மேலே தகரத்தில் முட்டிய புகை போக வழியில்லாமல் இறங்கி, அவர் படுக்கும் மூலையிலேயே சுற்றும். காற்றை வணங்குகிற பூசை பெற்றவளின் மூச்சை அடைக்கக்கூடாது. அதனால் புகையை விடுவதென்று முடிவு. பதிலுக்கு என்ன வைக்கலாம்? மணியோசை, மயிலிறகு விசிறி, வாசலில் காற்றாடும் மஞ்சள் துணி என்று யோசிக்கிறேன். செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

திசையிலும் ஒரு சந்தேகம். நம் வழக்கில் வாயு மூலை வடமேற்கு. மேல்நாட்டு மாந்திரீகத்தில் காற்றுக்குக் கிழக்கு. இரண்டையும் கலக்காமல் ஒன்றைப் பிடித்துக்கொள்வதே சரி என்று படுகிறது. நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து உட்காருகிறீர்கள்?

மூச்சை இழுக்க 16, அடக்க 64, விட 32 மாத்திரை (கால அளவு) என்று திருமந்திரம் சொல்லும் கணக்கில், 64 மாத்திரை மூச்சை அடக்குவதை குரு இல்லாமல் தொட விருப்பமில்லை. பண்டாரவளை, நுவரெலியா, அட்டன் பக்கம் பிராணாயாமத்தை நேரில் முறையாகச் சொல்லித்தருகிறவர்கள் இருந்தால் தயவுசெய்து தெரியப்படுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் எவ்வளவு தூரமானாலும் வருவேன்.