இடுப்பு வலிக்குக் கைரோபிராக்டரிடம் போகலாமா?

கார்த்திக், நியூ ஜெர்சி
வணக்கம். சில வாரங்களாக இடுப்பு வலி, உட்கார்ந்து எழுந்தால் அப்படியே பிடித்துக்கொள்கிறது, காலுக்கு இறங்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கைரோபிராக்டரை, அதாவது முதுகெலும்பைக் கையால் அழுத்தித் திருப்பிச் சிகிச்சை செய்பவரை, பார்த்தேன். முதல் நாளே முதுகு முழுக்க எக்ஸ்ரே எடுத்து, எலும்பு வரிசை தப்பியிருக்கிறது, வாரம் மூன்று முறை வீதம் ஆறு மாதம் வரவேண்டும், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்கிறார். வலியே இல்லாத கழுத்தையும் திருப்பிவிடுவாராம். ஆபீஸில் இரண்டு பேர் போய்க் குணமானது என்கிறார்கள், வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். உண்மையிலேயே பலன் உண்டா? ஊரிலிருந்து அம்மா வரப்போகிறார், அவருக்கும் முதுகு வலி, கூட்டிப்போகலாமா?

உமா, பிசியோதெரபிஸ்ட்
பலன் உண்டு, ஆனால் அளவானது. இங்கே அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியில், புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவற்றில் வெந்நீர் ஒத்தடம், மசாஜ் இவற்றோடு முதுகுத்தண்டைக் கையால் அழுத்தித் திருப்பும் சிகிச்சையையும் சேர்த்திருக்கிறார்கள். அதே ஆண்டு ஜாமா என்ற மருத்துவ இதழில் 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை வந்தது, ஆறு வாரம் வரையில் வலி ஓரளவு குறைகிறது என்றுதான் முடித்தது. நாள்பட்ட வலியிலும் உடற்பயிற்சியையும் பிசியோவையும் விடப் பெரிதாக மேலே இல்லை. இந்த மாதிரி வலி பெரும்பாலும் தானாகவே குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அப்புறம், அந்த 'டக்' சத்தம் எலும்பு இடத்தில் போய் உட்கார்கிற சத்தம் இல்லை. நெட்டி முறிக்கும்போது விரலில் வருகிறதே, அதேதான்: மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாகும் சத்தம். வரிசை தப்பியதை எக்ஸ்ரேயில் காட்டி ஆறு மாதத் திட்டம் விற்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. உங்களுக்கு உள்ளது போன்ற வலிக்கு எக்ஸ்ரேயே பொதுவாகத் தேவையில்லை.

செல்வம், டெக்சாஸ்
தம்பி, எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் நான் போனவர் எக்ஸ்ரே பேச்சே எடுக்கவில்லை, இடுப்பை மட்டும் பார்த்தார், வீட்டில் செய்யப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார், சில வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் டாக்டரிடம் போங்கள் என்று அவரே சொன்னார். அப்படி ஒருவர் கிடைத்தால் தாராளமாகப் போங்கள். முன்பணம் மட்டும் கட்டாதீர்கள், ஒவ்வொரு தடவைக்கும் கொடுங்கள். இங்கே முதியோருக்கான அரசு காப்பீடான மெடிகேர்கூட முதுகுத்தண்டுக்குக் கையால் செய்யும் சிகிச்சைக்குத்தான் பணம் தரும், கைரோபிராக்டர் எடுக்கும் எக்ஸ்ரேவுக்குத் தராது.

ரஹீம்
இது தொடங்கிய விதமும் தெரிந்திருக்கட்டும். 1895-இல் அயோவா மாநிலம் டேவன்போர்ட்டில் டி. டி. பால்மர் என்பவர் ஒருவருடைய முதுகெலும்பைச் சரிசெய்து காது கேட்க வைத்ததாகச் சொன்னார். எல்லா நோயும் முதுகெலும்பிலிருந்தே வருகிறது என்ற கொள்கை அங்கிருந்து வந்தது. இன்று பல கைரோபிராக்டர்கள் அதை விட்டுவிட்டு முதுகு, மூட்டு வலியை மட்டும் பார்க்கிறார்கள். ஆஸ்துமா, குழந்தையின் காது வலி இதற்கெல்லாம் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கழுத்து விஷயத்தில் நான் கறாராகத்தான் சொல்வேன். வேகமாகத் திருப்பியபின் கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அரிதுதான், திருப்பியதுதான் காரணமா என்பதிலும் விவாதம் இருக்கிறது, ஆனால் வலியே இல்லாத கழுத்தை எதற்குக் கொடுக்க வேண்டும்? ஊர் சலூனில் முடி வெட்டியதும் கழுத்தைத் திருப்பிவிடுவார்களே, அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கார்த்திக்
எல்லோருக்கும் நன்றி. அந்தத் திட்டம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். உமா அக்கா, அம்மாவுக்கு எலும்பு தேய்ந்திருக்கிறது என்று ஊரில் டாக்டர் சொல்லியிருக்கிறார்.

உமா
அப்படியானால் அம்மாவை இப்போதைக்குக் கூட்டிப்போகாதீர்கள். எலும்பு அடர்த்தி குறைந்திருந்தால் அழுத்தும்போது முதுகெலும்பு உடையக்கூடும். கிளம்பும் முன்பே ஊரில் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துவிடச் சொல்லுங்கள், இங்கே விசிட்டர் இன்சூரன்ஸில் பழைய நோய்க்குப் பணம் வாங்குவது கஷ்டம். உங்களுக்கும் ஒன்று: கால் பலம் இழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ அல்லது கட்டுப்பாடில்லாமல் போனாலோ யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். காய்ச்சலோடு முதுகு வலி வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அதெல்லாம் இல்லையென்றால் படுத்தே இருக்காமல் தினமும் நடங்கள்.